வின்னிபெக் குளிரில் கார் வைத்துக்கொள்வது எப்படி? பீடோர் தம்பிக்கு ஒரு பதில்

மலேசியாவில் நம் பீடோர் ஊர்த் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அண்ணே, ஜனவரியில் வேலைக்குக் கனடாவின் வின்னிபெக் போகிறேன். போனதும் பழைய கார் ஒன்று வாங்கியாக வேண்டும். நான் மைவி என்ற சின்ன காரைத் தவிர வேறு கார் எதுவும் ஓட்டியதில்லை. அந்தக் குளிரில் காரை எப்படி வைத்துக்கொள்வது? அப்பாவிடம் கேட்டால், 'காடி எல்லா ஊரிலும் காடிதான், இதற்கு ஏன் இவ்வளவு பயம்' என்கிறார்."

அப்பா சொல்வதில் பாதி சரி, தம்பி. கார் அதேதான். பதினோரு வருஷம் வின்னிபெக்கில் மெக்கானிக்காக இருந்துவிட்டு வந்து இங்கே பட்டறை போட்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: அங்கே மாற வேண்டியது நம் கை. தோட்டத்துப் பக்கம் வளர்ந்தவர்களுக்குக் கார் விஷயத்தில் சில பழக்கங்கள் ஊறிப்போயிருக்கும். ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீர், இருபது வெள்ளிக்கு மட்டும் பெட்ரோல், நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக், ஏதாவது சத்தம் வந்தால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்ற நிதானம். இந்த வெயிலில் இவை எதுவும் பெரிய தப்பில்லை. இங்கே வண்டி நின்றால் மர நிழலில் ஒதுக்கிவிட்டு எனக்குப் போன் போடுவீர்கள். அங்கே மைனஸ் 30இல் ஊருக்கு வெளியே நின்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் குளிர் எவ்வளவு என்று தெரிய வேண்டும். வின்னிபெக்கில் ஜனவரி இரவுகள் சராசரியாக மைனஸ் 20ஐ ஒட்டி இருக்கும். சில நாள் மைனஸ் 35 வரை போகும். வானிலை அறிக்கையில் 'மைனஸ் 45 போல உணரப்படும்' என்று சொன்னால் பயந்துவிடாதீர்கள். அது காற்று நம் தோலில் படும்போது உள்ள கணக்கு. காற்று அடித்தால் கார் சீக்கிரம் சில்லிடும், ஆனால் உண்மையான வெப்பநிலைக்குக் கீழே அது போகாது. காருக்கு அறிக்கையில் வரும் முதல் எண்ணைப் பாருங்கள். உங்கள் காதுக்கும் விரலுக்கும் இரண்டாவதைப் பாருங்கள்.

மைனஸ் 18 எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமானால் வீட்டில் மீன் வைக்கிற ஃப்ரீசரைத் திறந்து பாருங்கள். ஏறக்குறைய அதுதான். என் பட்டறை ஃப்ரீசரில் எப்போதும் இரண்டு சின்ன பாட்டில் இருக்கும். ஒன்றில் நம் ஊர்ப் பழைய லோரிகளுக்கு ஊற்றுகிற 15டபிள்யூ-40 எஞ்சின் எண்ணெய், மற்றதில் 0டபிள்யூ-20. வேலை பழக வருகிற பையன்களிடம் இரண்டையும் ஒரே நேரத்தில் கவிழ்க்கச் சொல்வேன். 0டபிள்யூ உடனே சாய்ந்து ஓடிவரும். 15டபிள்யூ ஆறிய வெல்லப்பாகு மாதிரி பாட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல நகரும். அது மைனஸ் 18இல். மைனஸ் 30இல் அந்தப் பாகுக்குள்தான் எஞ்சினின் தண்டு சுற்ற வேண்டும், அதைத்தான் பம்பு மேலே ஏற்ற வேண்டும்.

மினியாக் ஹித்தாம், அதாவது எஞ்சின் எண்ணெய் டப்பாவில் எழுதியிருக்கும் டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. அதற்கு முன்னால் உள்ள எண் எவ்வளவு சிறியதோ அவ்வளவு குளிரிலும் எண்ணெய் இளக்கமாக இருக்கும். எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர் சங்கத்தின் தரப்படி 0டபிள்யூ எண்ணெய் மைனஸ் 40இலும் பம்பு இழுக்கிற பதத்தில் இருக்க வேண்டும். 5டபிள்யூ என்றால் மைனஸ் 35. அங்கே வாங்குகிற காரின் கையேட்டில் 0டபிள்யூ அல்லது 5டபிள்யூதான் போட்டிருப்பார்கள். அதையே ஊற்றுங்கள். 'கெட்டியான எண்ணெய்தான் எஞ்சினைக் காப்பாற்றும்' என்று இங்கே பெரியவர்கள் சொல்வதை அங்கே கொண்டுபோகாதீர்கள்.

அடுத்தது பேட்டரி. பேட்டரியின் குளிர்வலுவை, அதாவது சிசிஏ என்று ஒட்டியிருக்கும் எண்ணை, அளப்பதும் அதே மைனஸ் 18இல்தான். அந்தக் குளிரில் 30 நொடி எத்தனை ஆம்பியர் கொடுத்தும் மின்னழுத்தம் 7.2 வோல்ட்டுக்குக் கீழே இறங்காமல் இருக்கிறது என்பதுதான் அந்த எண். குளிரில் பேட்டரிக்குள் நடக்கும் ரசாயன வேலை மந்தமாகிவிடும். மைனஸ் 18இல் அதன் வலு ஏறக்குறைய பாதியாகும். அதே நேரம் எண்ணெய் கெட்டியாவதால் எஞ்சினைச் சுற்ற இரண்டு மடங்குக்கு மேல் பலம் வேண்டும். வரவு பாதி, செலவு இரண்டு மடங்கு. நம் ஊரில் தடுமாறிக்கொண்டே ஓடுகிற பேட்டரி அங்கே ஒரே இரவில் கையை விரித்துவிடும்.

இன்னொன்றும் இருக்கிறது. முழுக்க சார்ஜ் உள்ள பேட்டரி மைனஸ் 50இலும் உறையாது. காலியான பேட்டரிக்குள் இருப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். அது மைனஸ் 10 அளவிலேயே உறைந்து பெட்டி வெடித்துவிடும். உள்ளே ஐஸ் கட்டிய பேட்டரிக்கு ஜம்பர் வயர் கொடுப்பது ஆபத்து. பெட்டி உப்பியிருந்தால் கிட்டே போகாதீர்கள். அக்டோபரிலேயே கடையில் சோதிக்கச் சொல்லுங்கள். நான்கு வருஷம் தாண்டியிருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள்.

இப்போது நம் ஊரில் யாரும் பார்த்திராத பொருளுக்கு வருகிறேன். வின்னிபெக்கில் நான் இறங்கிய முதல் நாள், நிறுத்தியிருந்த கார்களின் மூக்கிலிருந்தெல்லாம் ஒரு மின்சார பிளக் தொங்கிக்கொண்டிருந்தது. எல்லாமே மின்சாரக் கார் போல என்று நினைத்துவிட்டேன். அது பிளாக் ஹீட்டர். எஞ்சினுக்குள் ஓடும் கூலண்டை, அதாவது குளிர்விக்கும் திரவத்தை, சூடாக்குகிற சின்னக் கம்பி, நம் வீட்டில் வாளித் தண்ணீரில் போடுகிற ஹீட்டர் மாதிரி. சின்ன கார்களில் 400 முதல் 600 வாட் வரை இழுக்கும். அடுக்குமாடிகளின் கார் நிறுத்துமிடத்திலும் பல அலுவலகங்களிலும் ஒவ்வொரு காருக்கும் எதிரே மின்சாரக் கம்பம் இருக்கும். மைனஸ் 15க்குக் கீழே போனால் செருகிவிடுங்கள். இரவு முழுவதும் தேவையில்லை. புறப்படுவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்னால் ஓடும்படி டைமர் வைத்தால் போதும். வீடு பார்க்கப் போகும்போது வாடகையைக் கேட்பதற்கு முன் "கார் நிறுத்துமிடத்தில் பிளக் உண்டா" என்று கேளுங்கள். வாங்கப்போகும் காரில் பிளாக் ஹீட்டர் இருக்கிறதா, இருந்தால் வேலை செய்கிறதா என்றும் பாருங்கள். வயர் தொங்குவதால் மட்டும் உள்ளே கம்பி நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை.

அந்த வயரைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் முதல் குளிர்காலத்தில் மலிவு விலை எக்ஸ்டென்ஷன் வயர் ஒன்று வாங்கி, இரவு முழுக்க வெளியே விட்டிருந்தேன். காலையில் சுருட்டலாம் என்று எடுத்தால் அது குச்சி மாதிரி நின்றது. மடக்கினேன், மேலுறை 'படக்' என்று வெடித்து உள்ளே செம்பு தெரிந்தது. கடையில் குளிருக்கென்றே வயர் இருக்கும். ரப்பர் மாதிரி மெத்தென்று இருக்கும், எவ்வளவு குளிர் தாங்கும் என்று உறையிலேயே அச்சிட்டிருக்கும். அதை வாங்குங்கள். வயரின் மறுமுனையை ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடியில் ஒரு சுற்றுச் சுற்றி வைத்தால், கழற்ற மறந்து வண்டியை எடுக்க மாட்டீர்கள். புதிதாக வந்தவர்கள் எல்லாருமே ஒரு தடவையாவது அதை இழுத்துக்கொண்டு ரோட்டுக்கு வந்திருப்பார்கள்.

ரேடியேட்டர் விஷயம் எனக்கு வலித்த இடம். அங்கே நான் வாங்கிய முதல் கார், பார்க்கப் பளபளவென்று இருந்தது. விற்றவர் கோடையில் கசிந்த ரேடியேட்டருக்கு வெறும் தண்ணீராக ஊற்றிச் சமாளித்திருக்கிறார். எனக்கு அது தெரியாது. டப்பாவில் பச்சை நிறம் தெரிந்தது, அதுவே போதும் என்று விட்டுவிட்டேன். மெக்கானிக்காக இருந்தும் விட்டேன், ஏனென்றால் நம் ஊரில் நிறம் தெரிந்தால் சரி என்றுதான் பழகியிருந்தேன். நவம்பர் கடைசியில் ஒரு காலை, எஞ்சினுக்கு அடியில் பச்சையாக ஐஸ் கட்டி நின்றது. தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பெருக்கும். அந்தப் பெருக்கம் எஞ்சின் பக்கவாட்டில் அடித்திருக்கும் தகட்டு மூடியை வெளியே தள்ளிவிட்டது. எனக்கு அதிர்ஷ்டம், மூடியோடு போனது. சில வண்டிகளில் எஞ்சினின் இரும்பே விரிசல் விட்டுவிடும். அப்படியானால் கார் மொத்தமும் போச்சு.

கூலண்டும் சுத்திகரித்த தண்ணீரும் சரிபாதி கலந்தால் மைனஸ் 37 வரை உறையாது. கூலண்ட் 60, தண்ணீர் 40 என்று கலந்தால் மைனஸ் 50 வரை தாங்கும். 'அப்படியானால் தண்ணீரே இல்லாமல் முழுக்க கூலண்ட் ஊற்றினால் இன்னும் நல்லதுதானே' என்று தோன்றும். ஊற்றாதீர்கள். தனிக் கூலண்ட் மைனஸ் 13இலேயே கெட்டியாகிவிடும். தண்ணீரும் கூலண்டில் உள்ள கிளைகாலும் சேரும்போதுதான் ஒன்றை ஒன்று உறையவிடாமல் தடுக்கின்றன. ஒரு சொட்டை வைத்துப் பார்த்தால் எத்தனை டிகிரி வரை தாங்கும் என்று காட்டும் சின்னக் கருவி விலை மலிவு. கார் வாங்கும் முன் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அதை வைத்துப் பாருங்கள். கூலண்ட் இனிக்கும், ஆனால் கடும் விஷம். தரையில் சிந்தினால் நாய் பூனை நக்குவதற்குள் கழுவிவிடுங்கள்.

பழைய கார் வாங்குவதைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன். நாம் இங்கே முதலில் போனெட்டைத் திறப்போம், பிறகு மைலேஜ் பார்ப்போம். அங்கே முதலில் தரையில் ஒரு அட்டையைப் போட்டுப் படுத்து அடிவயிற்றைப் பாருங்கள். ஐஸை உருக்க ரோட்டில் உப்புப் போடுவார்கள். அந்த உப்புத் தண்ணீர் அடியில் அடித்து இரும்பைத் தின்னும். கடலோரத்து லுமுட், பந்தாய் ரெமிஸ் பக்கத்து மீன் லோரிகளைப் பார்த்திருப்பீர்களே, அந்தத் துருதான், இன்னும் வேகமாக. கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் தகடு, பின்சக்கரத்துக்கு மேலே வளைவு, பிரேக் எண்ணெய் போகும் மெல்லிய குழாய் ஆகிய மூன்றையும் விரலால் தொட்டுப் பாருங்கள். தகடு உள்ளே அமுங்கினால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். பிரேக் குழாய் செதில் செதிலாக உரிந்தால் அது உயிர் விஷயம். உப்பு அதிகம் போடுகிற ஒண்டாரியோ மாநிலப் பக்கத்திலிருந்து வந்த வண்டி என்றால் இரண்டு மடங்கு கவனம். வின்னிபெக்கில் மணலும் நிறையத் தூவுவார்கள், ஏனென்றால் மைனஸ் 10க்குக் கீழே சாதாரண உப்புக்குப் பெரிதாக வேலையில்லை. வாங்கிய பிறகு வருஷத்துக்கு ஒருமுறை அடியில் துருத்தடுப்பு எண்ணெய் அடியுங்கள். குளிர் கொஞ்சம் தணிகிற நாளில் அடிப்பகுதியோடு கழுவி, கதவு ரப்பர்களைத் துடைத்துவிடுங்கள். ஈரத்தோடு விட்டால் மறுநாள் கதவு ஒட்டிக்கொள்ளும்.

டயரில் காசு பார்க்காதீர்கள், தம்பி. இதை உங்கள் அப்பாவிடமும் காட்டுங்கள். சாதாரண டயர் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழேயே இறுக ஆரம்பிக்கும். மைனஸ் 20இல் அது பிளாஸ்டிக். குளிர்கால டயரின் ரப்பர் கலவை வேறு, அந்தக் குளிரிலும் மென்மையாக இருக்கும். பக்கச்சுவரில் மூன்று கொடுமுடி உள்ள மலையும் அதற்குள் ஒரு பனிப்பூவும் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். சேறு, பனி என்பதன் சுருக்கமான 'எம் பிளஸ் எஸ்' எழுத்து மட்டும் இருந்தால் போதாது. இரண்டு சக்கரத்துக்கு மட்டும் போட்டுச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். முன்னால் பிடிப்பு, பின்னால் வழுக்கல் என்றால் வளைவில் கார் பம்பரமாகச் சுற்றும். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம். வின்னிபெக் இருக்கும் மானிடோபாவில் கட்டாயமில்லை என்பதால்தான் அழுத்திச் சொல்கிறேன். சட்டம் கேட்காததால் பழைய டயரோடு ஓட்டுகிறவர்கள் வண்டிகளைத்தான் ஒவ்வொரு டிசம்பரிலும் பட்டறையில் நிமிர்த்திக்கொண்டிருந்தோம்.

காற்றும் குறையும். ஒவ்வொரு 5, 6 டிகிரி இறங்கும்போதும் காற்றழுத்தத்தில் ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ போய்விடும். 20 டிகிரியில் 32 வைத்த டயர் மைனஸ் 20இல் 25, 26தான் காட்டும். ஓட்டை என்று நினைக்காதீர்கள், காற்று சுருங்கியிருக்கிறது. நிரப்பிக்கொள்ளுங்கள். இரவு முழுக்க நின்ற டயர் தரையில் பட்ட இடத்தில் தட்டையாக உறைந்துவிடும். காலையில் முதல் சில நிமிஷம் 'தட் தட்' என்று சதுரச் சக்கரம் மாதிரி ஓடும். சூடேறியதும் சரியாகிவிடும்.

ஓட்டுவதற்கு நம்மிடம் ஒரு நல்ல பயிற்சி இருக்கிறது. மழை நின்ற கையோடு செம்பனைத் தோட்டத்து மண்ரோட்டில் மோட்டார் சைக்கிள் ஓட்டியிருப்பீர்கள். குலை ஏற்றிய லோரி உழுதுவிட்டுப் போன செம்மண்ணில் யாராவது முன்பிரேக்கை அழுத்துவார்களா? ஆக்சிலேட்டரைத் திடீரென்று முறுக்குவார்களா? அந்தக் கைதான் ஐஸிலும் வேண்டும். எல்லாமே மெதுவாக, ஒரு நேரத்தில் ஒரு வேலை. நேராகப் போகும்போதே வேகத்தைக் குறைத்துவிட்டு, அப்புறம் வளையுங்கள். பின்பக்கம் வழுக்கினால் பிரேக்கை விட்டுவிட்டு, போக வேண்டிய பக்கத்தைப் பார்த்து ஸ்டீயரிங்கைத் திருப்புங்கள். சக்கரம் இறுகி நின்றுவிடாமல் தடுக்கும் ஏபிஎஸ் பிரேக் காலடியில் கடகடவென்று அதிர்ந்தால் பயந்து காலை எடுக்காதீர்கள், அழுத்தியே பிடியுங்கள். கடும் குளிரைவிட 0 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும் நாள்தான் அதிக வழுக்கல், ஏனென்றால் ஐஸ் மேல் மெல்லிய தண்ணீர் நிற்கும். பாலங்கள் ரோட்டுக்கு முன்பே உறையும். சிக்னல் சந்திப்புகளில் வண்டிகளின் புகையில் வரும் ஈரம் உறைந்து, டயர்கள் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடித் தரை ஆகிவிடும். அங்கே பச்சை விழுந்தாலும் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு எடுங்கள். நிறுத்த நினைத்தும் நிறுத்த முடியாதவர் ஒருவர் குறுக்கே வரலாம்.

கண்ணாடிக்கு வந்தால், ஏர்கோனுக்காக நாம் எப்போதும் அமுக்கியே வைத்திருக்கும் அந்த உள்சுற்று பட்டனை அங்கே அணைத்து வையுங்கள். நம் மூச்சும் காலணியில் வந்த பனியும் உள்ளேயே சுற்றி, கண்ணாடியின் உட்புறத்தில் ஐஸ் படரும். வெளிக்காற்றை உள்ளே விட்டு ஹீட்டரைப் போடுங்கள். குளிர் லேசாக இருக்கும் நாளில் அதோடு ஏர்கோனையும் போட்டால் ஈரம் உறிஞ்சப்படும். குளிருக்கு ஏர்கோனா என்று தோன்றும், போட்டுப் பாருங்கள். வைப்பர் தொட்டியில் ஷாம்பு கலந்த தண்ணீர் ஊற்றாதீர்கள். மைனஸ் 40க்கு என்று எழுதிய திரவம் கடையில் கேன் கேனாகக் கிடைக்கும். அதில் மெத்தனால் இருக்கிறது, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். உறைந்த கண்ணாடியில் வெந்நீர் ஊற்றினால் வெடித்துவிடும். சுரண்டிதான் வழி. சமதளத்தில் நிறுத்தும்போது ஹேண்ட்பிரேக் போடாதீர்கள். கேபிளில் ஈரம் உறைந்தால் காலையில் விடாது. ஆட்டோ கியரில் 'பி'யில் விட்டால் போதும்.

காலையில் ஸ்டார்ட் செய்துவிட்டு அரை மணி நேரம் நிறுத்தி ஓடவிடத் தேவையில்லை. கண்ணாடி தெளியும் வரை சில நிமிஷம், அப்புறம் மெதுவாக ஓட்டிக்கொண்டே சூடேற்றுங்கள். நின்ற இடத்தில் எஞ்சின் சீக்கிரம் சூடாகாது. மூடிய கேரேஜுக்குள் மட்டும் எஞ்சினை ஓடவிடவே கூடாது.

பெட்ரோல் எப்போதும் பாதித் தொட்டிக்கு மேல். காரணம், நெடுஞ்சாலையில் பனிப்புயலில் மாட்டினால் அந்தப் பெட்ரோல்தான் உங்கள் அடுப்பு. மாட்டிக்கொண்டால் காரை விட்டு இறங்கி நடக்காதீர்கள். பத்து அடிக்கு அப்பால் எதுவும் தெரியாது, திரும்பி வர வழியும் தெரியாது. முதலில் பின்னால் போய்ப் புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை வாருங்கள். அது அடைத்துக்கொண்டால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். வாசனை இருக்காது, தூக்கம் வருவது போல இருக்கும், அவ்வளவுதான். மணிக்குப் பத்து நிமிஷம் எஞ்சினை ஓடவிடுங்கள், ஒரு ஜன்னலை விரலளவு திறந்து வையுங்கள், ஒவ்வொரு முறையும் புகைக்குழாயைப் பாருங்கள். காரில் எப்போதும் ஒரு மண்வாரி, கம்பளி, ஜம்பர் வயர், டார்ச், தகர டப்பாவும் மெழுகுவத்தியும், ஒரு பை மணல், கொஞ்சம் சாப்பாடு இருக்கட்டும். மெழுகுவத்தி ஒன்று காருக்குள் தரும் சூடு சின்ன விஷயமில்லை. சக்கரம் சுழன்றுகொண்டே இருந்தால் அந்த மணலை டயருக்கு முன்னால் தூவுங்கள்.

அப்பாவின் டீசல் வண்டி மாதிரி ஒன்று வாங்கலாமா என்றும் யோசிப்பீர்கள். முதல் வருஷம் வேண்டாம். டீசலில் உள்ள மெழுகு குளிரில் திரண்டு ஃபில்டரை அடைக்கும். குளிரான கேமரன் மலைக்குப் போகும்போது சமையலறையில் செம்பனை எண்ணெய் கலங்கி வெள்ளையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். நம் ஊர் டீசலில் அதே செம்பனையிலிருந்து எடுத்த பகுதியும் கலந்திருக்கிறது, அந்தப் பகுதி தனியாக இருந்தால் 15 டிகிரியை ஒட்டியே மங்க ஆரம்பிக்கும். அங்கே குளிர்காலத்துக்கென்று தனி டீசல் விற்கிறார்கள், என்றாலும் புதியவருக்கு பெட்ரோல் கார்தான் நிம்மதி. மின்சாரக் கார் என்றால் கடும் குளிரில் ஒரே சார்ஜில் போகிற தூரம் நன்றாகக் குறையும், வீட்டில் சார்ஜ் செய்ய இடம் இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

நீங்கள் போவது நடு ஜனவரி. இறங்கிய வாரமே கார் வாங்க அவசரப்படாதீர்கள். இரண்டு மூன்று வாரம் பஸ்ஸில் போய், ரோடு எப்படி இருக்கிறது, மற்றவர்கள் எப்படி ஓட்டுகிறார்கள் என்று பாருங்கள். அங்கே வலது பக்கம் ஓட்ட வேண்டும், அதையே முதலில் கண் பழக வேண்டும். வாங்கியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலி கார் நிறுத்துமிடத்தில் வேண்டுமென்றே பிரேக் போட்டு வழுக்கிப் பாருங்கள். இங்கிருந்து எக்ஸ்டென்ஷன் வயரோ பேட்டரி சார்ஜரோ கொண்டுபோகாதீர்கள். அங்கே 120 வோல்ட், பிளக்கும் வேறு. புறப்படும் முன் ஒரு சனிக்கிழமை மத்தியானம் அப்பாவையும் அழைத்துக்கொண்டு பட்டறைக்கு வாருங்கள். ஃப்ரீசரில் உள்ள இரண்டு பாட்டிலையும் அவர் கையிலேயே கொடுத்துக் கவிழ்க்கச் சொல்கிறேன்.